மேல்வீட்டில் சத்தமே இல்லை

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் ரயிலிலேயே கணவர் ஒரு நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டார். நாற்பது பக்க நோட்டில் முப்பத்தொரு பக்கம் எழுதியிருந்தார். இந்த நாட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் தான் பட்ட அவதியெல்லாம் பெண்டாட்டி படக்கூடாது என்று, லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை முடிந்து வந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது. பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட்டை மெஷினில் குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. கடையில் பழத்தை அமுக்கிப் பார்க்கக் கூடாது. வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், குப்பை போடப் போனாலும் சாவியோடு போ. யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல். முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பிக்காதே, அதற்குள் அவர்கள் தெருமுனைக்குப் போயிருப்பார்கள்.

படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. ஒன்பதாம் பக்கத்தில்தான் சிரிப்பு நின்றது. அங்கிருந்து ஆறு பக்கத்துக்கு ஒரே ஆளைப் பற்றிய எச்சரிக்கை. கீழ்வீட்டுக்காரம்மா.

செருப்பைப் படியிலேயே கழற்றிவிட வேண்டும். நாற்காலியை இழுக்கக் கூடாது. அதன் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டியிருக்கிறது, கழற்றாதே. மிக்ஸியை மடித்த போர்வை மேல் வைத்து, மேலே தலையணையைப் போட்டு, அதன் மேல் நீ சாய்ந்துகொண்டு அரைக்க வேண்டும். கதவில் காகிதம் ஒட்டியிருந்தால் கிழிக்காதே, பதிலும் சொல்லாதே. பிஸ்கட் டப்பாவில் போட்டுவை.

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனிதர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்தவள், ‘அப்பாடா’ என்று பெட்டியைக் கீழே வைக்கப் போனாள். அவர் பாய்ந்து வந்து, தூங்குகிற குழந்தையை வாங்குவது போல அதை வாங்கி, சத்தமில்லாமல் தரையில் இறக்கினார்.

இவர் இப்படிப்பட்ட ஆளே இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, பெண்ணை ஒரு வார்த்தை பேசவிடாமல் ஒரு மணி நேரம் தானே பேசிவிட்டுப் போனவர். ‘மாப்பிள்ளைக்கு வாய் வலிக்காதா’ என்று அவளுடைய சித்தப்பா அன்றே கேட்டார். அந்த வாய் இப்போது கிசுகிசுத்தது. இரண்டு வருடமாகப் போனிலும் அப்படித்தான் கிசுகிசுத்தார். அதைக் கொஞ்சல் என்று நினைத்து அவளும் பதிலுக்குக் கிசுகிசுத்திருந்தாள். அவர் குளியலறைக்குள் உட்கார்ந்து, கீழ்வீட்டுக்குப் பயந்து பேசியிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது.

நான்காம் நாள் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தபோது கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நோட்டில் சொன்னபடியே அதை எடுத்து, பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். உள்ளே பதினேழு காகிதங்கள் இருந்தன. எல்லாம் ஒரே கையெழுத்து. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எறும்பு வரிசை மாதிரி போனது. ஆங்கில எழுத்துதான், மொழிதான் வேறு. அச்சடித்ததைப் படமெடுத்தால் மொழிபெயர்த்துக் கொடுக்கிற போன், இந்தக் கையெழுத்தைக் கண்டால் திருதிருவென்று விழிக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார்.

ஆனால் அவள் பன்னிரண்டு வருடம் மருந்துக் கடையில் நின்றவள். ஊரில் பதினோரு டாக்டர்கள். அதில் ஒருவர் எழுதுவது அவருக்கே மறுநாள் புரியாது. அவர் சீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மாத்திரையை எடுத்து வைத்த கண் இது. மொழி தெரியாவிட்டால் என்ன, எழுத்து தெரிந்தால் போதும். கோட்டுக்குக் கீழே இறங்குகிற சுழி எது, மேலே ஏறுகிற சுழி எது என்று பார்த்தாள். மேஜை முன் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகப் போனில் தட்டினாள். மூன்று இடத்தில் தப்பு வந்தது, திருத்தினாள். போன் தமிழில் சொன்னது: ‘மேலே இரண்டு பேர் நடக்கிற சத்தம் கேட்டது. எனக்கு மிகவும் சந்தோஷம்.’

ரொட்டியைப் பையிலிருந்து எடுக்கக்கூட மறந்து, அவள் டப்பாவை மேஜை மேல் கவிழ்த்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவர், மேஜை நிறையக் காகிதங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“டாக்டரம்மா, அதை எதுக்கு வெளிய எடுத்தே?” என்றார். அவளைச் செல்லமாக அழைப்பது அப்படித்தான்.

“உக்காருங்க. படிக்கிறேன், கேளுங்க.”

முதல் காகிதம் அவர் குடிவந்த வாரத்தில் வந்தது. அதிலிருந்த ஆச்சரியக்குறியையும், ஒரு வார்த்தைக்கு அடியில் போட்டிருந்த அழுத்தமான கோட்டையும் பார்த்துத்தான், இது சண்டைக்காரி எழுதியது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ‘நல்வரவு!’ என்பதுதான் அந்த ஆச்சரியக்குறி. உங்கள் தபால் தவறி என்னிடம் வந்தால் தருகிறேன், உதவி வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று எழுதி, ‘எப்போது’ என்பதற்கு அடியில் கோடு போட்டிருந்தது. மூன்றாவது காகிதத்தில், சனிக்கிழமை நாலு மணிக்குக் காபி போடுகிறேன், வாருங்கள். ஐந்தாவதிலும் அதுவே. ஏழாவதில், முன்பு மேல்வீட்டில் நான்கு குழந்தைகள் இருந்தார்கள், கூரையே இடிந்துவிடும் போலிருக்கும், இப்போது ஒன்றுமே கேட்கவில்லை, வீட்டில் இருக்கிறீர்களா, உடம்பு சரியில்லையா?

“அடுத்தது போன வருஷம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப எழுதினது. இருமல் கேட்டுச்சாம். வாசல்ல சூப் வச்சிருக்காங்களாம்.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அந்தச் சட்டியா? யாரோ வீடு தெரியாம வச்சிட்டாங்கன்னு எதிர்வீட்டு வாசல்ல நகர்த்தி வச்சேன்.”

“எதிர்வீட்டுக்காரங்க என்ன பண்ணாங்க?”

“மறுநாள் பாத்தா சட்டியைக் கழுவி நம்ம வாசல்லயே கவுத்து வச்சிருந்தாங்க.”

அவள் அதற்கடுத்த காகிதத்தை எடுத்தாள். ‘சூப்பை முழுவதும் குடித்ததற்கு நன்றி. சீக்கிரம் குணமாகட்டும்.’

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார். இரண்டு வருடமாக விரல் நுனியிலேயே நடந்ததில், காலில் என்ன அடி என்று வேலையிடத்தில் கேட்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டு, சாக்ஸ் போட்ட நாற்காலிக் கால்களைப் பார்த்தபடி இருந்தார். சிரிப்பு அடங்கிவிட்டது.

“யார்கிட்டயாவது காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள்.

“காட்டி, வீட்டைக் காலி பண்ணச் சொல்லித்தான் எழுதியிருக்குன்னு தெரிஞ்சா? வீடு இல்லேன்னா உனக்கு விசா இல்ல. தெரியாம இருக்கிற வரைக்கும் வீடு இருக்குல்ல.”

காத்திருந்தது தான் மட்டும்தான் என்று அந்த இரண்டு வருடமும் அவள் நினைத்திருந்தாள். அதைச் சொல்லிச் சண்டைகூடப் போட்டிருக்கிறாள். எழுந்து போய் அவர் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு இருவரும் கீழே இறங்கினார்கள். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியத்தை அவர் மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்தார். கதவு திறந்ததும் அது மறந்துபோய், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் சொல்கிற, ‘பயப்படாதீர்கள், நான் வந்துவிட்டேன்’ என்பது வாயில் வந்தது. குட்டை முடியும் கம்பளிச் செருப்புமாக நின்ற அந்த உயரமான அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு, நல்ல வேளை வந்தீர்கள் என்று இருவர் கையையும் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

போனை நடுவில் வைத்துக்கொண்டு பேசினார்கள். அந்த அம்மா முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நோயாளி கத்தினால் பயமில்லை, அறையில் சத்தமே இல்லாவிட்டால்தான் ஓடிப் போய்ப் பார்ப்போம் என்றார். அந்தப் பழக்கத்தில் இரண்டு வருடமாகக் கூரையைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார். மேலே என்ன, பறக்கிறாயா என்று கணவரைக் கேட்டார். நோட்டு, சாக்ஸ், தலையணை எல்லாவற்றையும் அவள் ஒன்றுவிடாமல் போட்டு உடைத்தாள். கணவர் நெளிந்தார்.

கேட்டு முடித்த கீழ்வீட்டுக்காரம்மா, இப்போதே மேலே போய் நட என்று கையைக் காட்டினார். அவர் போனார். இரண்டு பெண்களும் கழுத்தை அண்ணாந்து காத்திருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் படிக்கட்டுக்குப் போய் நின்று, “என்னங்க, நடங்க” என்று கூப்பிட்டாள்.

“நடந்துட்டுத்தான் இருக்கேன்.”

“கால் முழுசாப் படணும். பூட்ஸ் போட்டுக்கிட்டு நடங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னல் பக்கத்திலிருந்து ஓர் அடி விழுந்தது. தயங்கி இன்னோர் அடி. பிறகு சமையலறை வரைக்கும் தடதடவென்று ஒரு நடை, திரும்பி ஒரு நடை. மேஜையின் மேலிருந்த கரண்டிகள் கிணுகிணுத்தன. கீழ்வீட்டுக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

கன்னமெல்லாம் சிவந்து இறங்கி வந்தவரிடம், ஆஸ்பத்திரி லிஃப்ட் அந்தக் காலத்தில் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிடும் என்று அந்த அம்மா பேச்சுக்குச் சொன்னார். அவ்வளவுதான். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த லிஃப்டின் கதவு மோட்டாரை மாற்றியதே இவர்தானாம். தெரிந்த வார்த்தைகள் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. போனைத் தேடக்கூட அவருக்குப் பொறுமையில்லை. காபிக் கோப்பையை லிஃப்டாக்கி, தன் கழுத்து மஃப்ளரை அதன் காதில் கட்டி, மேலே இழுத்து, கீழே விட்டு, நடுவில் நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தார். இலக்கணம் எப்படிப் போனதோ, குரல் நாலு வீட்டுக்குக் கேட்டது. அந்த அம்மா குறுக்கே கேள்வி கேட்டார். இவர் கையை நீட்டி அவரை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

அவள் இரண்டு தடவை, கிளம்பலாமா என்று பார்த்தாள். இருவரும் திரும்பவே இல்லை. கடைசியில் எழுந்து சமையலறைக்குப் போய், முன்பின் தெரியாத வீட்டில் தானே அலமாரியைத் திறந்து காபித்தூளைக் கண்டுபிடித்து, அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.