வளர்மதி பார்த்த பிள்ளை

ஆஸ்பத்திரியிலிருந்து பூர்ணிமாவை வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே, குழந்தையைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது என்று அவளுடைய அம்மா ஆராயி சொல்லிவிட்டாள். பேசினால் பச்சை உடம்புக்காரிக்கு ஆகாதாம். பூர்ணிமாவோ மார்பில் கட்டிய துணி பாலில் நனைந்து நனைந்து காய, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள்.

வளர்மதி அவளுக்கு நாத்தனார். பத்து வருஷம் பிள்ளை இல்லையென்று புருஷனே கொண்டுவந்து அவள் தம்பி பழமலைநாதன் வீட்டில் விட்டுப் போனவள். பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு துடைக்கும் வேலை. பூர்ணிமாவின் வளைகாப்பில் சந்தனக் கிண்ணத்தை நோக்கி நீண்ட அவள் கையை, "நீ இரும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஆராயி மறித்துவிட்டாள். பூர்ணிமா தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

அதற்குப் பத்தாம் நாள் பூர்ணிமாவுக்கு உதிரம் கொட்டியது. மயக்க மருந்து கொடுத்து அவசரமாகக் குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒன்றேகால் கிலோ. பிறந்ததும் மூச்சுத் திணறியது. உடனே புதுச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும் என்றார்கள். பூர்ணிமாவின் புருஷன் பழமலைநாதன் லாரியில் ஐதராபாத்துக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். ஆராயியால் மகளை விட்டு நகர முடியாது. கம்பெனியிலிருந்து கையில் பீங்கான் மாவு காய்ந்தபடி ஓடி வந்து நின்ற வளர்மதிதான் வண்டியில் ஏறினாள்.

மறுநாள் பதினொரு மணிக்குக் குழந்தை போய்விட்டது. பழமலைநாதன் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. பூர்ணிமா இருக்கிற நிலையில் காட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்ல, நேரே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள்.

பூர்ணிமா வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. ஆராயி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பிய வளர்மதியின் புடவையைப் பூர்ணிமா பிடித்தாள்.

"அண்ணி. எம் புள்ளய உசுரோட பாத்தது நீங்க ஒருத்திதான். எப்பிடி இருந்தா?"

வளர்மதி புடவையை விடுவிக்கப் பார்த்தாள். "வேணாம் பூர்ணிமா. மறந்துடு."

"மறக்கறதுக்கு எங்கிட்ட என்னா இருக்குது? மொகம்கூட இல்லியே!"

வளர்மதி உட்கார்ந்துவிட்டாள். படமாவது எடுத்திருக்கலாம். அவளிடம் இருந்தது பட்டன் போன்.

"ஒன்ன மாதிரியேதான். நெத்தி மட்டும் தம்பி நெத்தி. வண்டியில கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. நான் அந்த நெஞ்சையே பாத்துக்கிட்டு வந்தேன்."

"அழுதாளா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனசு வரவில்லை.

"அழ மூச்சு எங்க இருந்துச்சு? முனகுனா. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ள போயி போயி வந்துச்சு. நுரையீரல் முதிரல, விரிஞ்சது வுடனே ஒட்டிக்குது, ஒவ்வொரு வாட்டியும் புதுசா விரிக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மூக்குல காத்து வச்சாங்க. அப்புறம் தொண்டையில குழாய் போட்டு மருந்து வுட்டாங்க. அதுக்கப்புறம் நல்லா செவந்துட்டா. பொழச்சிக்குவான்னுதான் நெனச்சேன். விடிஞ்சதும் நுரையீரல்ல ஓட்ட வுழுந்துடுச்சின்னாங்க."

"கஷ்டப்பட்டாளா?"

"பட்டா," என்றாள் வளர்மதி. "கடைசியில பட்டிருக்க மாட்டா."

சொல்லக் கூடாது என்று பத்து நாளாக அடக்கி வைத்திருந்தது இனி வருவதைத்தான். ஆனால் இது அவளுக்குச் சொந்தமானது அல்ல. திருடிய பொருளை ஒளித்து வைத்ததுபோல உறுத்திக்கொண்டே இருந்தது.

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாதும்மா, மடியில வச்சிக்கோன்னு நர்ஸு குடுத்தாங்க. குழாயெல்லாம் எடுத்துட்டாங்க. ரவிக்கய அவுத்து நெஞ்சோட வச்சிக்கிட்டேன், சூடா இருக்கட்டும்னு. ஒரு கண்ணத் தொறந்து பாத்தா. நான்தான் அம்மான்னு நெனச்சிருப்பா பூர்ணிமா. அம்மா ஊர்ல இருக்குது, நான் ஒன் அத்தடின்னு சொன்னேன். சொல்லிக்கிட்டே இருக்கும்போதே…"

பூர்ணிமா எழுந்து உட்கார்ந்தாள். தையல் இழுத்த வலி முகத்தில் தெரிந்தது. கையை ஓங்கி வளர்மதியின் தோளில் அடித்தாள். மறுபடி அடித்தாள்.

"அது என் நெஞ்சி! நான் வச்சிருக்கணும்! என்ன வுட்டுட்டு நீங்க எப்பிடி…"

வளர்மதி தடுக்கவில்லை. அடி ஒவ்வொன்றும் நியாயமாகவே பட்டது. அத்தனை துக்கத்துக்கு நடுவிலும், அந்தக் கொஞ்ச நேரம் ஒரு பிள்ளை தன்னிடம் இருந்தது என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு நிறைவு இருந்ததே, அதற்கும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு ஈரக் கையோடு ஓடி வந்தாள் ஆராயி. "தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே, பேச்செடுக்காதீங்கன்னு! எழுந்திரிச்சி வெளிய போம்மா நீ!"

வளர்மதி எழுந்தாள். பூர்ணிமா அவள் கையை விடவில்லை.

"எம்மா, நீ போ. இவங்க இருக்கட்டும்."

ஆராயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

அழுது ஓய வெகுநேரம் ஆனது. பிறகு பூர்ணிமா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"காது எப்பிடி இருந்துச்சுண்ணி? நீங்க சொல்லவே இல்லியே."

"காதா?" வளர்மதி மறுபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "துணி மாதிரி மெத்துனு. மடிச்சா மடிஞ்ச மேனிக்கே இருந்துச்சி. இந்தப் பக்கத்துக் காது மடங்கிக் கெடந்துச்சா, நான்தான் வெரலால நீவி வுட்டேன்."