முதல்ல இறக்கு

பட்டறையில் அவருக்குப் பெயர் கார்புரேட்டர். ஸ்க்ரூவைத் திருப்பிப் பெட்ரோலையும் காற்றையும் கலந்துவிட்ட காலத்தோடு நின்றுபோன மனுஷன் என்று மற்ற மெக்கானிக்குகள் வைத்த பெயர். இன்ஜெக்‌ஷன் வண்டி வந்தால், "கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்க நான் என்ன டாக்டரா?" என்று தம்பியின் தலையில் கட்டிவிடுவார். தம்பி ஆபீஸ் முடிந்து வந்து பார்ப்பான். அவன் போய் நாலு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவன், ஒரே வாரத்தில் கதை முடிந்தது. அன்றைக்கு இவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சாப்பிடுகிறார், தூங்குகிறார், போல்ட்டை முறுக்குகிறார். கல் நெஞ்சுக்காரர் என்று சொந்தக்காரர்கள் பேசியது காதில் விழுந்தது. விழுந்தால் விழட்டும், அதுவும் உறைக்கவில்லை.

அந்த ஞாயிறு பட்டறைக்கு விடுமுறை. தம்பியின் மனைவி அவன் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவன் இருந்தபோதிலிருந்தே தினமும் வேலைக்கு அதில்தான் போகிறாள். பத்து நாளாக, வேகமாகப் போகும்போது எஞ்சின் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறதாம். சீட்டுக்கு அடியில் தம்பி வாங்கி மாட்டிய ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. எந்த வேகத்தில் கம்பெனி வைத்த அளவைவிடப் பெட்ரோலை எவ்வளவு கூட்டவேண்டும், எவ்வளவு குறைக்கவேண்டும் என்று எஞ்சினுக்குச் சொல்வது அதுதான். அந்த எண்களின் அட்டவணைக்கு மேப் என்று பெயர். பெட்டியை இயக்கும் ஃபர்ம்வேர் என்கிற மென்பொருளில் கோளாறு, புதுசு போட்டால் சரியாகிவிடும் என்று பெட்டியை விற்ற கடைக்காரர் போனில் சொல்லியிருந்தார். ஆனால் அப்போது மேப் அழிந்துபோகும், முதலில் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

அந்த மேப் தம்பி போட்டது. இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்து, எண்ணை மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்த்துப் போட்டது. வேறு நகல் கிடையாது. அவன் லேப்டாப் ஆபீஸுடையது. ஆள் போன மறுவாரமே வாங்கிப்போய்விட்டார்கள், புண்ணியவான்கள்.

"வண்டி போனாக்கூடப் பரவாயில்ல மாமா. அவர் போட்டது மட்டும் போயிடக் கூடாது."

"போகாதும்மா. நான் இருக்கேன்ல."

இருந்து என்னத்தைக் கிழித்தார்!

கடைக்காரர் அனுப்பிய சாஃப்ட்வேரைப் போட்டிருந்த தன் லேப்டாப்பை அவள் ஸ்டூலில் வைத்து உட்கார்ந்தாள். கரண்ட் வீணாகாமலிருக்க அவர் ஹெட்லைட் ஃப்யூஸைப் பிடுங்கினார், பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டினார், கேபிளைப் பெட்டியில் செருகி ஆடாமல் பிடித்துக்கொண்டார். பாதியில் கழன்றால் பெட்டியே வீண்.

"ம், முதல்ல இறக்கு."

"இறக்கவா மாமா?"

"அதைத்தான் சொல்றேன்."

"நிச்சயமான்னு கேக்குது."

"ஆமான்னு அமுக்கு."

அமுக்கினாள். "இறக்கிட்டேன் மாமா."

பிறகு ஃபர்ம்வேரை ஏற்றினார்கள். திரையில் நீலக் கோடு அசைந்து அசைந்து ஏழு நிமிஷம் நகர்ந்தது. பெட்டியின் விளக்கு சிமிட்டி நின்றது.

"இப்ப மேப்பை ஏத்து."

"எதை மாமா?"

"இறக்கினியே, அதை."

"அதைத்தான் வண்டியில இறக்கிட்டேனே!"

எழுந்து வந்து திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். அவருக்கு இறக்குவது என்றால் பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு எடுப்பது, போனில் படம் இறக்குகிற மாதிரி. அவள் வீட்டில் அப்படியில்லை. "மேப்பை வண்டியில இறக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தம்பி வாரா வாரம் லேப்டாப்போடு படியிறங்குவான். அவள் அவன் பேச்சையே கேட்டு, லேப்டாப்பில் தானாகத் திறந்திருந்த வெற்று மேப்பைப் பெட்டிக்கு அனுப்பியிருக்கிறாள்.

"தப்பு உன்மேல இல்லம்மா. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்," என்றார். "போச்சு. அவன் போட்டது போச்சு."

நெஞ்சில் ஏதாவது அடைக்கும் என்று காத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவள் லேப்டாப்பை மூடினாள்.

"வண்டி ஓடுமா?"

"ஓடும். பூஜ்யம்னா கூட்டலும் இல்ல, குறைக்கலும் இல்ல, கம்பெனிக்காரன் வச்ச அளவுல ஓடும்."

ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் சீராகத்தான் ஓடியது. ஹெல்மெட்டை மாட்டி, கியர் போட்டாள். வாசலைத் தாண்டவில்லை, நின்றுவிட்டது. மறுபடி எடுத்தாள், ஒரு குலுக்குக் குலுக்கி மறுபடி நின்றது.

"என்ன மாமா இது? ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட இப்படி நின்னதில்லையே!"

"எங்க, இன்னொரு தடவை எடு."

இந்தத் தடவை அவள் இடது கையைப் பார்த்தார். கிளட்ச்சைப் படக்கென்று விட்டாள். வண்டி நின்றது. தம்பி ஒருநாள் கேட்டது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. "அண்ணே, கெளம்புற எடத்துல கொஞ்சம் பெட்ரோல் கூட்டிவிட்டா வண்டி நிக்காதுல்ல?" என்றான். "முதல்ல கிளட்ச்சை விடக் கத்துக்கடா, வெங்காயம்" என்று இவர் கேலி செய்தார். யாருக்காகக் கேட்டான் என்று அவன் சொல்லவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

"நீ கிளட்ச்சைப் படக்குன்னு விடுறம்மா," என்றார். "அதுக்குன்னே அவன் பெட்ரோலைக் கூட்டி வச்சிருக்கான்."

அவள் தன் கையையே பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே. ஆபீஸ்ல, அம்மா வீட்டுல, எல்லார்கிட்டயும் நான் எவ்வளவு நல்லா ஓட்டுறேன் பாருங்கன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே மாமா! ஆமா ஆமான்னு பக்கத்துலயே நின்னாரே."

கார்புரேட்டர் வந்து வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். மெதுவா விடும்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தார். இரண்டு வருஷமாகத் தம்பி சொல்லாத வார்த்தை அது. இவராலும் சொல்ல முடியவில்லை.