பதினேழு வரிக்கு ஒரு நாற்காலி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எழுதிய கை விளங்காமல் போகட்டும். நம்ப முடியாத இடங்கள் வரும். அங்கெல்லாம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

மூன்றாம் மாடியில், தண்ணீர்க் குழாய்க்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவே கிடந்த மேசையில் உரிமக்காரி உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் வைத்த பெயர் அது. லிஃப்டுகளை இயக்கும் மென்பொருள் செய்கிற நிறுவனம். வெளியாட்கள் எழுதி இலவசமாகப் போட்ட நிரல்கள் நாலாயிரத்துச் சொச்சம் அதற்குள் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு உரிமம், ஒவ்வொரு உரிமத்துக்கும் ஒரு நிபந்தனை. ஒன்றோடொன்று முட்டுகிறவற்றைத் தேடிப் பிடித்துத் தீர்ப்பது அவள் வேலை. ஒப்பந்த வேலை. வெள்ளிக்கிழமைக்குள் முட்டல் பட்டியல் காலியானால் நிரந்தரம் என்று மேலாளர் வாயால் சொல்லியிருந்தார்.

முந்நூற்றுப் பன்னிரண்டைத் தீர்த்துவிட்டாள். மிச்சம் ஒன்றே ஒன்று. பதினோரு அடுக்குக்குக் கீழே, ஒன்றை நம்பிய இன்னொன்றின் அடியில், பதினேழு வரி நிரல். மாடி எண் ஒற்றை இலக்கமானால் முன்னால் ஒரு பூஜ்யம் போடும். 7 என்பது 07 ஆகும். வேறு வேலை அதற்குத் தெரியாது. உரிமம் மட்டும் பொல்லாதது. அதை எடுத்தவன் தன் மொத்த நிரலையும் ஊருக்குத் திறந்து வைக்க வேண்டுமாம்.

"தூக்கிட்டா என்ன சார்?" என்று மேலாளரைக் கேட்டாள்.

"எது எதுல ஒட்டிக்கிட்டிருக்குன்னு யாருக்குத் தெரியும்? கை வைக்காதம்மா. எழுதினவனைப் பிடி, நமக்கு மட்டும் வேற உரிமம் எழுதி வாங்கு."

உரிமத்தின் கடைசி வரியில் ஒரு கைபேசி எண் இருந்தது. ஜன்னலோரம் நின்று அழைத்தாள். கீழே வாசல் கேட்டில் மணி அடித்தது. துண்டித்தாள்; நின்றது. மறுபடி அழைத்தாள். காவலாளி சட்டைப் பையைத் தடவிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

படியிறங்கி ஓடினாள்.

"அண்ணே, அந்த ஜீரோ போடுறது நீங்களா?"

"ஆமா மேடம். உங்க மேசையிலதான் இருந்தேன், ஒம்பது வருஷம் முன்னால. பொழுதுபோகாம வீட்டுல எழுதிப் போட்டது. இன்னுமா உள்ள இருக்கு? என்னைத் தூக்கிட்டாங்க, அதைத் தூக்கலையே!"

"ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே. என் வேலை அதுலதான் நிக்குது."

"போட்டுடலாம். நானும் பன்னெண்டு மணி நேரம் நிக்கிறேன். முதுகு சாய ஒரு நாற்காலி கேளுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

எட்டுப் பேர் ஒப்புதல் கொடுத்து, வியாழனன்று நாற்காலி வந்தது. காவலாளி கையெழுத்திட்டார். பட்டியல் காலி. மூன்றாம் மாடி எழுந்து நின்று கைதட்டியது.

நாற்காலியின் முதுகில் ஒட்டியிருந்த தாளை அவர் அப்புறம்தான் படித்தார். வருகையாளர்களுக்கு மட்டும். பணியில் இருப்போர் உட்காரக் கூடாது.

"நான்கூட என் உரிமத்தை இவ்வளவு பொடி எழுத்துல போடலையே," என்றார்.

வெள்ளிக்கிழமை மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

"பிரமாதம்மா. முட்டலே இல்லாம பண்ணிட்டே. இனி உனக்கு இங்க என்ன வேலை இருக்கு, சொல்லு?"

கேட்கும்போது அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார்.

தண்ணீர் பாட்டிலும் மேசைக்கடியில் போட்டிருந்த செருப்பும் பையில் துருத்த, அவள் கேட்டுக்கு வந்தாள். காவலாளி அவள் வெறுங்கழுத்தைப் பார்த்தார். நாற்காலியைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"உட்காரு தங்கச்சி. அட்டை இல்லைல்ல? நீ உட்காரலாம்."

உட்கார்ந்தாள். பக்கத்தில் அவர் நின்றார்.

அந்த நிறுவனத்தின் லிஃப்டுகளில், அன்றும் சரி இன்றும் சரி, ஏழாம் மாடி 7 என்றுதான் தெரிகிறது.