வெல்டிங் வெளிச்சம் அல்ல

மார்ச் 12, புதன்.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. ‘அண்ணனுக்குக் கண் மங்கல், தலைவலி. காரணம் வெல்டிங் வெளிச்சம்’ என்று எழுதியிருந்தேன். எங்கள் பட்டறையில் யாருக்குக் கண் மங்கினாலும் அதுதான் காரணம். உருளைக்கிழங்கை வெட்டி இமைமேல் வைத்துப் படுத்தால் விடிவதற்குள் சரியாகிவிடும். நானும் வைத்துவிட்டேன்.

இன்று காலை அண்ணன் டம்ளரை எடுக்கப் போய்க் காற்றைப் பிடித்தார்.

“ரெண்டு டம்ளராத் தெரியுதுடா.”

“அப்ப ஒண்ணு எனக்கு.”

சிரித்தார். சிரித்த வாயோடு வாந்தி எடுத்தார்.

வெளிச்சம் பட்ட கண் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், நீர் வடியும். இவர் கண் உலர்ந்து கிடந்தது. தவிர, இந்த வாரம் அவர் வெல்டிங்கே செய்யவில்லை. கேட் கம்பிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அவர்மேல் பட்டது இரும்புக் குழாய்.

அடித்தவர் அக்காவின் கணவர். பட்டறையில் கம்பி வெட்டுபவர். அளவு தப்பியதும் அண்ணன் எல்லார் முன்னிலும், “டேப்பைத் தலைகீழாப் பிடிச்சீங்களா அத்தான்?” என்று கேட்டுவிட்டார். அத்தான் குழாயை வலது காதுக்கு மேலே இறக்கினார். மண்டியிட்ட அண்ணன் எழுந்து, அத்தானின் முகத்தை மேசை விளிம்பில் மோதினார். பல் இரண்டு தரையில் தெறித்தன. பிறகு இருவருமே, அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

“ஆஸ்பத்திரிக்கு வாங்கண்ணே.”

“எப்படி அடிபட்டுச்சுன்னு கேப்பான். அத்தான் உள்ள போனா அக்கா நடுத்தெருவுல நிக்கவா?”

கையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் வாயில் இடித்தார், உதடு கிழிந்தது. மறுபடி இழுத்தேன். கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தபோது அவருடைய இடது கை தானாகப் பிடி நழுவித் தொங்கியது. அதை அவரே வேறு யார் கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். தூக்கி ஆட்டோவில் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது.

“எப்படி அடிபட்டுச்சு?” என்றார் டாக்டர்.

“வழுக்கி விழுந்தேன்” என்று அண்ணன் குழறினார்.

“குழாயால அடிச்சாங்க” என்றேன் நான். யார் என்றதற்கு வாய் வரவில்லை. கிழிந்த உதட்டைக் காரணமாகக் காட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை. பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். நேற்றே கூட்டி வந்திருந்தால் என்று கேட்கப் போனேன், கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் போலீஸுக்குத் தகவல் கொடுத்துவிட்டார்கள். போலீஸ்காரர் காலையில் வருவார்.

நாளை: அதற்கு முன் அக்கா வீட்டுக்குப் போய், அத்தானை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். பிறகு போலீஸிடம் அவர் பெயரைக் கொடுக்க வேண்டும்.