நீலம் ஜாஸ்தி

"நெட்வொர்க் இல்ல மாமா. நந்தி மலை மேல சிக்னலே வராது" என்று விஜய்குமார் நான்காவது தடவையாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்தான். உள்ளே டாடி, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுடன் படுத்திருந்தார்.

அலெக்சாண்டர் மாமா மம்மியின் தம்பி. கேட்க ஆரம்பித்தால் விடமாட்டார். "மூணு தரம் கூப்பிட்டிருக்காருடா, நெஞ்சு வலியோட. ஒண்ணுகூடவா வரல?"

"வரல மாமா."

பொய். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்பார்கள். இவனுக்கு ஒவ்வொரு தரமும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

நேற்றுக் காலை நந்தி மலையில் ஒரு நீல ஈப்பிடிப்பானுக்காகப் புதருக்கு எதிரே குந்தியிருந்தான். சிட்டுக்குருவி அளவுதான். அதன் பாட்டையே போனில் ஓடவிட்டுப் புதரில் செருகினால், வேறு ஆண் வந்துவிட்டதென்று சண்டைக்கு வரும். பறவைப் படம் எடுக்கிற அவர்கள் க்ரூப்பில் அது கூடாது. அவனே பலருக்கு உபதேசம் செய்திருக்கிறான். நேற்று அவனே செருகினான். நடுவில் மணி அடித்தால் பறவை பறந்துவிடும் என்று போனை ஃப்ளைட் மோடில் போட்டிருந்தான்.

பறவை வந்தது. கேமராவில் எடுத்தான். அப்புறம் ஒரு பாறையில் உட்கார்ந்து, படத்தைப் போனில் இறக்கி, குறுக்கே இருந்த குச்சியை அழித்து, கண்ணில் ஒரு பொட்டு ஒளி வைத்து, நீலத்தை ஏற்றினான். எட்டே காலுக்கு ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு க்ரூப்புக்கு அனுப்பினான். வழக்கம்போல டாடிக்கும். டாடி சிவாஜிநகர் பெயிண்ட் கடையில் முப்பது வருஷம் கலர் கலந்தவர். எந்தப் படம் போனாலும் ஏதாவது ஒரு கலர் ஜாஸ்தி என்பார்.

டாடி மூன்று தரம் கூப்பிட்டிருந்ததாக மெசேஜ் வந்தது அப்போதுதான். பிரெட் வாங்கி வரச் சொல்லுவார் என்று நினைத்தான். முக்கால் மணி நேரம் லைக் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது மணிக்குக் கூப்பிட்டபோது எடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்.

முதல் தரமே எடுத்திருந்தாலும் அறுபது கிலோமீட்டரைத் தாண்டி வந்திருக்க முடியாது. ஆனால் குரல் கொடுத்திருக்கலாம்.

சேஷகிரி மலர்வளையத்தோடு வந்தார். க்ரூப்பை நடத்துகிறவர். நல்ல மனுஷர், அதுதான் வினை. "பேஜார் பண்ணிக்காதீங்க சார். நேத்து எட்டே காலுக்கு நீங்க படம் போட்டப்போ எல்லாரும் எவ்ளோ சந்தோஷப்பட்டோம். அதுக்குள்ள இப்படி…"

மாமாவின் தலை திரும்பியது. விஜய்குமாருக்குக் காது வரைக்கும் சுட்டது. பெட்டிக்குள் இடம் இருந்தால் டாடி பக்கத்தில் படுத்திருப்பான்.

"மலை மேல சிக்னல் வரும், போகும்" என்றாள் மம்மி, தலைமாட்டிலிருந்து. "அலெக்ஸ், பாஸ்டர் வந்துட்டாரான்னு போய்ப் பாரு."

மாமா போனார். மம்மி அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நாலாந்தரம் நான் கூப்பிடப் போனேன். அப்பதான் உன் படம் வந்துச்சு. போனை வாங்கிப் பாத்தாரு. 'பறவை புடிக்கிறான், கலைக்காத ஹெலன்'னாரு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

டாடியின் போனை அவன் மடியில் வைத்தாள். "என்னமோ டைப் பண்ணாரு. அதுக்குள்ள கை நழுவிடுச்சு. நான் திறந்து பாக்கல."

திறந்தான். பறவைக்குக் கீழே, அனுப்பாமல் நின்றிருந்தது: 'நல்லா இருக்கு. நீலம் ஜாஸ்தி. கொஞ்சம் கு'

வெளியே வண்டி வந்து நின்றது. மாமா வாசலிலிருந்து அவனைக் கூப்பிட்டார். விஜய்குமார் தன் போனை எடுத்து, படத்தைத் திறந்து, நீலத்தைக் குறைத்தான். இன்னும் கொஞ்சம் குறைத்தான். புதரில் பார்த்த பறவை வந்தது. அதை டாடிக்கு அனுப்பினான்.

மடியில் இருந்த போன் ஒரு தரம் அதிர்ந்தது.