நீர்மாலைக் குடம்

நாகையாவின் கையிலிருந்த பித்தளைக் குடத்தைத் தனலெட்சுமி எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

புருஷனுடைய தலைமாட்டில் உட்கார்ந்து அழ வேண்டியவள் வாசல்வரை எழுந்து வந்ததே அந்த லயத்து வரிசை வீடுகளுக்கே பெரிய அதிசயம். வந்ததோடு நிற்காமல், புருஷனுடைய அண்ணன் கையில் இருக்கும் குடத்திலேயே கை வைக்கிறாள் என்றால்! ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ராகத்தை நிறுத்தாமல் கண்ணை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினார்கள்.

"விடும்மா. சங்கு ஊதப் போறான். நீர்மாலை எடுத்துட்டு வந்துர்றோம்."

"சங்கரன் ஆத்துல எறங்கக் கூடாது, அத்தான்."

சங்கரலிங்கம் அவளுடைய ஒரே மகன். இருபது வயது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். செத்தவரைக் குளிப்பாட்ட மகன்தான் ஆற்றில் தலைமுழுகித் தண்ணீர் எடுத்து வர வேண்டும். ஆறு என்னவோ பக்கம்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஊரிலுள்ள லோங்காங் சாக்கடை அத்தனையும் போய் விழுவதும் அதில்தான். நேற்று பெய்த மழையில் அது சேறும் குப்பையுமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கு நான் ஒருத்தன்தானேம்மா?" என்றான் மகன். "முங்காம வந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய வலது குதிகாலைத்தான் பார்த்தாள். மூன்று நாளைக்கு முன் சாக்கடை வாரும்போது மண்வெட்டி பட்ட இடம். விடியற்காலையில்தான் மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தாள். அப்போதும் உள்ளே சிவப்பாகத் திறந்துதான் இருந்தது.

குடத்தை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் பின்னால் நடந்தாள். பின்பக்க வேலிக்கு அப்பால் ரயில்வே வீடுகள். நாகையா பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"ஆஸ்பத்திரி டிரசர் லியனார்ட் சொன்னதத்தான் சொல்றேன். உங்க தம்பிக்கு வந்தது மலேரியா இல்ல. தண்ணியில எலி மூத்திரம் கலந்து, காலுல இருக்கிற காயம் வழியா உள்ள போயிருக்கு."

ஒன்பது நாள். முதலில் காய்ச்சல். கெண்டைக்கால் வலி தாங்காமல் அவள் புருஷன் வேலாயுதம் சுவரில் காலை உதைத்தான். மலேரியா என்று எல்லோருக்கும் கொடுக்கிற கொயினா மருந்தையே அவனுக்கும் கொடுத்தார்கள். கண் சிவந்து பிறகு மஞ்சளானதும், காமாலைதானே என்று உப்பை நிறுத்திக் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தாள் தனலெட்சுமி. அரைத்த கை அவளுடையது. மூத்திரம் நின்றுபோன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்று விடிகாலையில் மாட்டுவண்டியில் திரும்பி வந்தான்.

"எலி மூத்திரமாம்!" என்றான் நாகையா. "நான் இருபது வருஷமா அதே லோங்காங்குல நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் வரலையே?"

"வந்துச்சு."

"என்னது?"

"போன மாசம் நம்ம கூட்டத்துல நாப்பத்தொரு பேருக்கு ரத்தம் எடுத்தாங்கல்ல? வெள்ளைக்கார டாக்டரு குடிக்கிறதுக்குத்தான் எடுத்துட்டுப் போறாருன்னு நீங்ககூட சிரிச்சீங்க. அதுல பதினேழு பேருக்கு இந்தச் சீக்கு வந்து போயிருக்குன்னு டிரசர் சொன்னாரு. வந்தவங்களுக்கே தெரியல. பதினேழுல நீங்க ஒருத்தரு. பெரிய வெள்ளம் வந்த வருஷம் பத்து நாளு படுத்திருந்தீங்களே, கண்ணு செவந்து, கெண்டைக்கால் வலிக்குதுன்னு கத்தினீங்களே? அதுதான்."

நாகையா தன் கால்களைக் குனிந்து பார்த்தான். சேற்றிலும் தண்ணீரிலும் ஊறி வெளுத்த கால்கள். அந்தப் பத்து நாளும் தம்பிதான் இவன் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினான்.

"நான் பொழச்சுக்கிட்டேனே," என்றான். "அவன் ஏன்..."

"அதையேதான் நானும் கேட்டேன். தெரியலக்கான்னாரு. முக்காவாசிப் பேரு எந்திரிச்சுருவாங்களாம். சிலபேர மட்டும் கொண்டுபோயிருமாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் உர்சுலா வந்து நின்றாள். ரயில் இஞ்சின் ஓட்டுகிறவரின் மனைவி. சேலைத் தலைப்பால் பிடித்திருந்த தவலையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பதற்காகத்தான் தனலெட்சுமி அவளிடம் போய்க் கேட்டிருந்தாள்.

"நல்லா கொதிக்க வெச்சு எறக்கிட்டேன், தனம்," என்றாள் உர்சுலா.

"சுடுதண்ணியிலயா நீர்மாலை?" என்றான் நாகையா. "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் என்ன, முழம் என்ன? ஒரு முங்குல என்ன வந்துரப் போவுது?"

"எனக்கு இன்னும் கழுத்துமட்டுந்தான் வந்திருக்கு, அத்தான்."

உர்சுலா குடத்தை வாங்கி நிரப்பினாள். நாகையா அதை வெடுக்கென்று வாங்கினான். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் குடத்தை ஏற்றிக்கொண்டு போனான். ஆற்றங்கரையில் கவிழ்த்துவிட எத்தனை நேரம் ஆகும்?

தனலெட்சுமி பழையபடி தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். நாத்தனார் இராஜம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவளுக்கு அழுகை வரவில்லை. காது முழுக்கத் தண்டவாளத்தின் பக்கமே இருந்தது. ஒரு சரக்கு ரயில் போயிற்று, எண்ணி முடியாத பெட்டிகள். அது போன பிறகு ஆற்றுப் பக்கமிருந்து சங்கு கேட்டது. இப்போது இறங்குவான். இப்போது முங்குவான். குதிகால் சேற்றில் புதையும். புருஷன் செத்துக் கிடக்கும்போது அவனை நினைக்காமல் மகனை நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் மகனைத்தான் நினைத்தாள்.

வேட்டியைப் பந்தல்போல் விரித்துப் பிடித்துக்கொண்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். நடுவில் சங்கரலிங்கம், தலையில் குடம். முடியிலிருந்தும் தோளிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முங்கிவிட்டான்.

தனலெட்சுமி காலைப் பார்க்க முயன்றாள். குறுக்கே பத்துப் பேருடைய கால்கள். நாகையா அவள் பக்கம் திரும்பவே இல்லை. பெஞ்சியில் கிடத்தியிருந்த தம்பியின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.

இராஜம்மா செம்பைக் குடத்துக்குள் விட்டு மொண்டாள். முதல் தண்ணீரை வேலாயுதத்தின் மஞ்சள் பூத்த நெஞ்சில் ஊற்றினாள். ஊற்றியவள் விரலை உதறினாள்.

"என்ன அண்ணே, தண்ணி சுடுதே!"

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்தத் தடுமாற்றத்தில் கூட்டம் கொஞ்சம் விலகி வழி விட்டது. தனலெட்சுமி பார்த்துவிட்டாள். மகனுடைய குதிகாலில் அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. துணி நனையவில்லை. மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. கரையிலேயே குனியவைத்துத் தலையில் மட்டும் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்.

"பித்தளைக் குடம்ல?" என்றான் நாகையா, தம்பியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "வெயில்ல தூக்கிட்டு வந்தோம். அதான் சுடுது. ஊத்து."

காலையிலிருந்தே வெயில் இல்லை. அப்போதுதான் தகரக் கூரையில் தூறல் விழ ஆரம்பித்தது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. இராஜம்மா மறுபடியும் குடத்தில் மொண்டாள்.

தனலெட்சுமி அவள் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டாள். வேலை முடிந்து புருஷன் வந்து உட்காரும் ஒவ்வொரு சாயங்காலமும் செய்வதுபோல, பெஞ்சியின் கால்மாட்டுக்குப் போய்க் குந்தி, சூடு பதமாக இருக்கிறதா என்று புறங்கையில் விட்டுப் பார்த்தாள். பிறகு அவனுடைய கெண்டைக்காலில் மெதுவாக ஊற்றித் தேய்த்தாள்.