இறங்க முடியாதவர்

பயணப் பதிவுகளைத் திருத்தும் மென்பொருளில் யாரோ கைதவறி ஒரு பதிவின் ‘சேருமிடம்’ என்ற கட்டத்தை வெறுமையாக்கிவிட்டதால், அந்த மென்பொருளுக்குக் கையேடு எழுதுபவளின் கணவர் ரயிலைவிட்டு இறங்க முடியாதவரானார். வண்டி எந்த நிலையத்தில் நின்றாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். நடைமேடையில் கால் பட்டதும் மறுபடி தன் இருக்கையில் உட்கார்ந்திருப்பார், பெட்டி மடியில் இருக்கும். முதல் வாரம் தொலைபேசியில் சிரித்தார். “சீட்டுக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல” என்றார். இரண்டாம் மாதம் சிரிப்பு நின்றது. கடைசி நிலையம் வரை போய் வண்டி திரும்பும், எல்லோரும் மாறுவார்கள், அவர் மட்டும் இருப்பார்.

அந்த மென்பொருளைச் செய்த பொறியாளர் சம்பளத் தகராறில், அது எப்படி இயங்குகிறது என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் வேலையை விட்டுப் போயிருந்தார். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று அழுத்திப் பார்த்து எழுதுவதற்காகத்தான் நிறுவனம் அவளை வைத்திருந்தது. அவள் கணவரின் பதிவைத் திறந்தாள். சேருமிடக் கட்டம் சாம்பல் நிறமாகியிருந்தது. பயணம் தொடங்கிய பின் மாற்ற இயலாது என்றது திரை. மாறக்கூடிய கட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். இருக்கையை மாற்றினால் அவர் ஜன்னலோரம் போனார். உணவை மாற்றினால் கையிலிருந்த தட்டில் வேறு சாப்பாடு வந்தது. வயதில் கை பட்டுவிட்ட அன்று குரல் உடையும் பையனாகப் பேசினார். பதறிப்போய்த் திருத்தியதில் ஒரு வயதைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள், அதை அவர் கவனிக்கவில்லை. நடந்ததையெல்லாம் கையேட்டில் எழுதினாள். அவரை இறக்கும் வழி மட்டும் எந்த அத்தியாயத்திலும் வரவில்லை.

மேலாளர் நல்லவர். “ரத்து பண்ணிப் பாத்துடலாமாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“போன வருஷம் ஒருத்தரை ரத்து பண்ணீங்களே, அவர் சம்சாரம் என்ன சொன்னாங்க?”

தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றுதான் அந்த அம்மாள் சொன்னாள். அந்த வீட்டு வாசலில் ஆண் செருப்பு ஒன்றுகூட இல்லை.

மழைக்காலம் வந்தது, போனது. ஒருநாள் கணவர் கூப்பிட்டு, “இனிமே போன் பண்ணாத. பாப்பாகிட்ட நான் செத்துட்டேன்னு சொல்லிடு. இப்படி உக்காந்தே இருக்கிறதுக்கு அது தேவல” என்றார். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து, வாய்விட்டு அழுதாள். பக்கத்து மேசைக்காரர்கள் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், அதுவரை எழுதாத கடைசிப் பட்டியலைத் திறந்தாள். அதில் சாம்பல் படியாத ஒரே ஒரு பொத்தான் இருந்தது: ‘உடன் பயணிப்பவரைச் சேர்’. சேர்த்தவரை நீக்க இயலாது என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது.

வீட்டில் மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். “போனா திரும்பி வர முடியாதுடா. உன் சிநேகிதிங்க யாரையும் பாக்க முடியாது. நீ வேணாம்னா அம்மாவும் போகல.”

“அங்க அப்பா இருப்பாருல்ல?”

“இருப்பாரு.”

மகள் வெகுநேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு எழுந்துபோய்த் தன் பள்ளிக்கூடப் பையில் துணிகளை அடைக்கத் தொடங்கினாள்.

வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, மகளோடு அலுவலகம் போய், கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்தாள். மேலாளரிடம் சொல்லிக்கொண்டு, மகளை மடியில் இருத்தி, இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சேமித்தாள். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மேலாளர் விளக்கை அணைத்துவிட்டுக் கையேட்டை அச்சுக்கு அனுப்பினார்.

ரயிலில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தவரின் மடியில் பள்ளிக்கூடப் பை வந்து விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். “உனக்குப் பைத்தியமாடி? குழந்தையையும் கூட்டிட்டு எதுக்கு வந்தே?” என்று கத்தினார். கத்திக்கொண்டே இருவரையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

“சண்டைய நேர்ல போடலாம்னுதான் வந்தேன்” என்றாள் அவள்.

இப்போது மகள் நன்றாக வளர்ந்துவிட்டாள். மேல் படுக்கையில் கால் இடிக்கிறதென்று டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த பெட்டியில் கொஞ்சம் நீளமான படுக்கை காலியானால் தருவதாக அவரும் சொல்லியிருக்கிறார்.